பேசாத காவல்காரர்

யாரோ பேசுகிற சத்தம் கேட்டதா? நடைபாலத்தில் வரும்போதே கேட்டது, ஏறி வந்து பார்த்தால் என் ஒருத்தனைத் தவிர ஆளைக் காணோம் என்கிறீங்க. இல்லைங்க மேடம், இங்கே யாரும் பேசவில்லை. கப்பலடியில் தண்ணீர் மோதுவது சில நேரம் அப்படித்தான் கேட்கும். பக்கத்துப் பாய்மரப் படகில் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே கிடக்கும், தூரத்திலிருந்து கேட்டால் ரெண்டு பேர் வழக்குப் பேசுகிற மாதிரி இருக்கும். சரி, நானும் கொஞ்சம் முணுமுணுத்திருப்பேன். அதைப் பேச்சில் சேர்க்கக் கூடாது. நான் பேசாத ஆள். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. ரெமிஜியுஸா, அவர் வாயில் கொழுக்கட்டை அல்லவா என்பார்கள்.

செருப்பை அந்தக் கூடையில் போட்டுவிடுங்க. தப்பாக நினைக்காதீங்க, தேக்குப் பலகை, உல்லாசக் கப்பல் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். கோடீஸ்வரர் வந்தாலும் வெறுங்கால்தான். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் ஷூவைக் கழற்றினார், காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நாங்கள் ஆறு பேர் வரிசையாக நின்றோம், ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எங்கள் வேலையில் பாதி. கேட்காமல் இருப்பது மீதி பாதி.

இங்கேயே முன்தளத்தில் உட்காரலாம், காற்று வரும். அந்தக் கண்ணாடி மூடியின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டாம். அடியில் ஆள் படுத்திருக்கிறார்.

நீங்க வருவீங்க என்று கேப்டன் சொல்லியிருந்தார். தமிழ் பேசுகிற மேடமாக அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. மிராபெல் கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ், பணியாளர் நலப் பிரிவு. ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குத் தலை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பீர்களாம். நல்ல ஏற்பாடு. நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலை எனக்கு வேண்டும். எனக்காக மட்டும் இல்லை. நான் சேராவிட்டால் எங்கள் சமையல்காரர் மொகுதூம் காக்காவும் சேரமாட்டேன் என்று உங்கள் கேப்டனம்மாவிடம் சொல்லிவிட்டார். என்னாலே அவர் பிழைப்பு கெடக் கூடாது. அதனால் நீங்க கேட்கிற நாலு கேள்விக்கும் நான் சுருக்கமாக, ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும்.

முதல் கேள்வி தூக்கம். பகலில் தூங்குகிறேன். திரையை இழுத்துவிட்டால் எனக்கு அதுதான் ராத்திரி.

திரை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பணியாளர் நலம் பற்றி நீங்க நிறையப் படித்திருப்பீங்க. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தத் திரைதான். கப்பலில் எங்கள் படுக்கை அலமாரித் தட்டு அகலம். மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர். ஆளுக்கு ஒரு துணித் திரை. திரையை இழுத்துவிட்டால் அந்த ஆள் கப்பலிலேயே இல்லை என்று அர்த்தம். உள்ளே போனில் பெண்டாட்டியோடு சண்டை போடலாம், அழலாம், கடவுளைத் திட்டலாம். நமக்குக் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் கேட்டதை மறுநாள் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. தெரிந்த மாதிரி முகத்தைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. இதை எந்தக் கேப்டனும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் கேப்டன் உத்தரவை மீறினாலும் இதை மீறமாட்டோம். இஞ்சின் பக்கம் ஒருத்தர் இருந்தார். அடுத்த படுக்கைக்காரர் மாமியாரிடம் போனில் கெஞ்சியதைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவருக்கு யாரும் உப்பை எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே வேறு கப்பல் பார்த்துப் போய்விட்டார்.

இதை நீங்க எழுதிக்கொள்ளலாம். புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் நான் கொடுக்கிற முதல் அறிவுரை இதுதான். ஆமாம், அறிவுரைக்கு என்னிடம் வருவார்கள். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் கொஞ்சம் சொல்வேன். புதுக் கப்பலில் சேருமுன் பணியாளர் கழிவறையைப் பார், கேப்டன் எப்படிப்பட்டவர் என்று அதில் தெரிந்துவிடும். ஓனர் குடும்பம் போட்டோ எடுக்கும்போது இந்தா நீயும் வா என்று கூப்பிட்டால் போகாதே, கையில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடு. விருந்தாளி உன் பிரச்சினையைக் கேட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல், அவர்கள் பிரச்சினையை மறக்கத்தான் இங்கே வருகிறார்கள். மேரிசெல் தெரியுமா, எங்கள் பணிப்பெண், மணிலா பக்கம். அவளுக்கு நான்தான் சொன்னேன், தட்டு எடுக்கிற வேலையிலேயே நிற்காதே, முங்கு நீச்சல் படி என்று. இப்போது விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். என் அறிவுரையில் யாரும் கெட்டதில்லை. எல்லாரும் மேலே போய்விடுவார்கள். நான் நடைபாலத்தில் நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுப்பேன்.

காக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கப்பலின் சமையல்காரர். ஊர் காயல்பட்டினம். எனக்குத் தூத்துக்குடி. அங்கே பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிக்குமுன் வந்துவிடுகிற தூரம், ஆனால் இங்கே துபாயில் வந்துதான் சந்தித்தோம். என்னைவிட நாலைந்து வயசு மூப்பு. நான் காக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார், ரெண்டுக்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம். யார் பெரியவர் என்று மேரிசெல் இன்னும் குழம்புகிறாள்.

அவர் கேபின் இதோ, நம் காலுக்குக் கீழே. கப்பலின் மூக்கில் முக்கோணமாக ஒரு பொந்து. இருப்பதிலேயே மோசமான கேபின். ஆனால் தனிக் கேபின். சமையல்காரர் அதிகாலையில் எழுந்து மாவு பிசைய வேண்டும், கூடப் படுக்க ஆள் வைத்தால் அந்த ஆளுக்குத் தொந்தரவு. கேபினுக்குக் கூரையில் இந்தக் கண்ணாடி மூடி. ஹேட்ச் என்போம். நான் ராத்திரிக் காவலுக்கு உட்காருவது இதன் ஓரத்தில்தான். இங்கிருந்து பார்த்தால் ரெண்டு பக்கக் கயிறும் தெரியும், நடைபாலமும் தெரியும். வேறு காரணம் இல்லை.

காக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே ஏசி ஓடும், ஆனாலும் ஹேட்சை ரெண்டு விரல் அளவு தூக்கித்தான் வைப்பார். காவல்காரன் பார்த்தால் மூடவேண்டும், மழை வரும், பூச்சி வரும். முதல் வருஷம் நான் ஒருநாள் அழுத்தி மூடினேன். மறுநாள் சாயங்காலமே திறந்திருந்தது. மறுபடி மூடினேன். மறுபடி திறந்திருந்தது. காற்று வேண்டும் போல, அடுப்படியில் வெந்த மனுஷன் என்று விட்டுவிட்டேன். இப்போது தூறல் விழுந்தால் ஒரு துண்டைப் போட்டு வைப்பேன், அவ்வளவுதான்.

ரெண்டாம் கேள்வி சாப்பாடு. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரிக் காவலுக்கு இருக்கிற ஆளுக்கு சமையல்காரர் ஒரு தட்டு எடுத்து மூடி வைக்கவேண்டும், எந்தக் கப்பலிலும் அதுதான் முறை. ஆனால் பல கப்பலில் அது மிச்சம் மீதி. ஓரம் காய்ந்த ரொட்டியும் யாரும் தொடாத கீரையும் இருக்கும். காக்கா தட்டு அப்படி இல்லை. அதை நான் எப்படிச் சொல்வது. அந்தத் தட்டில் எங்கள் ஊர்ப் பனிமய மாதா இருக்கிறாள், மேடம்.

சிரிக்காதீங்க. உங்களுக்கு எந்தச் சாமியோ தெரியாது, ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நங்கூரச் சக்கரத்தின் மூடிக்கு உள்பக்கம் மாதா படம் ஒட்டியிருக்கிறேன். விருந்தாளி கண்ணில் படாது. கப்பலில் எல்லாரும் தூங்கின பிறகு அந்த மூடியை மடக்கி வைத்துவிட்டு, நான் மாதாவிடம் ரெண்டு வார்த்தை சொல்வேன். ரெண்டு வார்த்தைதான். பகலில் தூங்குகிறவனுக்கு ஊரில் வேறு யார் விழித்திருக்கிறார்கள், சொல்லுங்க. வீட்டுக்காரி ஜெசிந்தா போன் எடுக்கிற நேரம் நான் தூக்கம், நான் எடுக்கிற நேரம் அவள் தூக்கம். அதனால் மாதா.

ஒருமுறை எனக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல் வலி. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கேப்டன் விடுப்பு எழுதிவிடுவார். மாதாவிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் தட்டில் நோன்புக் கஞ்சி. குழைய வெந்து, கடிக்கவே வேண்டாம். நோன்பு மாசம்கூட இல்லை. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது.

இன்னொரு முறை, ஊர் மக்ரூன் நினைப்பு வந்துவிட்டது. முந்திரியும் முட்டை வெள்ளையும் போட்டு, வாயில் வைத்தால் பஞ்சு மாதிரி கரையுமே, அது. அதையே ஒரு மணி நேரம் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், எந்த பேக்கரியில் எப்படி இருக்கும் என்று. ரெண்டு நாள் கழித்துத் தட்டுப் பக்கத்தில் ஒரு டப்பா. உள்ளே மக்ரூன். விருந்தாளிக்குக் கஸ்டர்டு செய்ததில் முட்டை வெள்ளை மிஞ்சிவிட்டது, கீழே கொட்ட மனசில்லை என்றார் காக்கா. அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவர் கையை மாதா பயன்படுத்திக்கொள்கிறாள். அவர் ஐந்து வேளை தொழுகிறவர், சொன்னால் சங்கடப்படுவார் என்று நானும் சொல்லவில்லை.

என் கல்யாண நாளை நான் மறந்துவிட்டு ராத்திரியில் நினைவு வந்து புலம்பினேன். காலையில் காக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்குப் போன் போட்டு நாளாச்சே அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு போன் போட்டா என்ன என்கிறார். இதற்கெல்லாம் நீங்க என்ன பேர் வைப்பீங்க?

என்ன, கீழே யாரோ இருமினார்களா? எனக்குக் கேட்கவில்லை. அதுதான் சொன்னேனே.

மூன்றாம் கேள்வி. மனசு விட்டுப் பேச ஆள் உண்டா. இதற்கு நான் உண்மையைச் சொல்லவேண்டும். கிடையாது. தேவையும் இல்லை. ஆனால் எங்கள் கம்பெனி போன வருஷம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கப்பலில் எல்லாரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடி தினமும் ஒருத்தரை ஒருத்தர் மூன்று கேள்வி கேட்கவேண்டும். தூங்கினாயா, சாப்பிட்டாயா, மனசில் ஏதாவது உண்டா. எனக்குக் காக்காவை ஜோடி போட்டார்கள். நான் வேலை முடிக்கிற நேரம் அவர் வேலை தொடங்குகிற நேரம், அதனால்.

தினமும் விடிந்ததும் அடுப்படி வாசலில் நிற்பேன். அவர் மாவைத் தட்டிக்கொண்டே கேட்பார். தூங்கினாயா என்று என்னிடம் கேட்பதில் அர்த்தமில்லை, அதனால் அதை விட்டுவிடுவார். சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன் என்பேன். மனசுல ஏதாச்சும் உண்டா என்பார்.

"ஒண்ணுமில்ல காக்கா."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

அப்போது அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க, பால் பொங்கப்போகிறதா இல்லையா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் மாவுக்குத் திரும்பிவிடுவார். நான் அவரிடம் திருப்பிக் கேட்பேன், உங்களுக்கு காக்கா, தூக்கம் எப்படி என்று. அரைகுறைதான் என்பார். ஏன் என்று கேட்டால், ராத்திரி காத்து கொஞ்சம் சத்தமா அடிச்சுச்சு என்பார். நான் பாலில் மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொன்னேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னேன். ஒரு குறையும் வைக்கவில்லை, ஜோடி என்ற முறைக்கு.

நான் ஒன்று சொல்கிறேன். நடுவில் கேப்டன் அவருக்குப் பின்பக்கம் நல்ல கேபின் கொடுத்தார். ஜன்னல் வைத்தது. தூக்கம் சரியில்லை என்று திட்டத்தில் பதிவாகியிருந்ததால் கொடுத்தார். காக்கா நாலு நாள் அங்கே படுத்தார். ஐந்தாம் நாள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்தப் பொந்துக்கே வந்துவிட்டார். அங்கே ஒரே அமைதியா இருக்கு, தூக்கமே வரல என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சில பேருக்கு நல்லது கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது.

சரி, நாலாம் கேள்விக்கு வருகிறேன். ஏன் கப்பல் மாற விரும்புகிறீர்கள்.

இந்த சீசன் தொடக்கத்தில்தான் மிராபெல் வந்து அந்தக் கடைசித் துறையில் நின்றது. உங்கள் கேப்டனம்மா இவானா, குரோவேஷியாக்காரி, இங்கே ஒருநாள் விருந்தாளியாக வந்தார். காக்கா அன்றைக்கு மீனைத் தேங்காய்ப் பாலில் வைத்திருந்தார். அந்தம்மா தட்டை வழித்துவிட்டு நேராக அடுப்படிக்கே வந்து, என் கப்பலுக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டார். கோடை முழுக்க மத்தியதரைக் கடல். மால்டா, சிசிலி, கோர்சிகா. முடிவு சொல்ல சீசன் முடியுமட்டும் நேரம்.

காக்கா மறுநாள் காலையில் என்னிடம்தான் வந்தார். ஜோடிக் கேள்வி எல்லாம் முடிந்த பிறகு, அண்ணாச்சி ஒரு யோசனை சொல்லணும் என்றார். நான் கொடுத்த அறிவுரையை நீங்க கேட்டிருக்கவேண்டும். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல அறிவுரை கொடுத்ததில்லை. போங்க காக்கா என்றேன். பெரிய அடுப்படி, கைக்கு உதவிக்கு ரெண்டு பேர், ஓடுகிற கப்பல். இந்தக் கப்பல் வருஷத்தில் பாதி நாள் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது. உங்கள் கைக்கு இது போதாது. இப்போது போகாவிட்டால் எப்போது போவீர்கள். இங்கே யாருக்காக இருக்கவேண்டும். எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, ஒனக்கு எப்படி அண்ணாச்சி என்றார். எனக்கென்ன, நான் இங்கே நல்லாத்தானே இருக்கிறேன் என்றேன். மனசுல ஒண்ணுமில்லியா என்றார். ஒண்ணுமில்ல என்றேன்.

அன்றைக்கு ராத்திரி மாதாவிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசினேன். அது உங்களுக்கு எதற்கு. சரி, சொல்கிறேன், நலப் பிரிவு என்றால் சொல்லத்தான் வேண்டும். அவரை அனுப்பாதே என்று கேட்டேன். அப்படிக் கேட்பது தப்பு என்று தெரியும், அதனால் அப்புறம் மாற்றிக் கேட்டேன். அவர் போகட்டும், நல்லா இருக்கட்டும், ஆனால் எனக்கும் ஒரு வழி காட்டு என்றேன். நான் பள்ளிக்கூடத்தை நடுவிலேயே விட்டவன். இந்தக் காவலில் உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தேன். கேப்டன் அறையில் கழித்துப்போட்ட துறைமுகக் கையேடு ஒன்று இருந்தது. அதில் மால்டாவில் எந்த விளக்கு எந்த நிறத்தில் அடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். பார்த்ததில்லை. கட்டிப்போட்ட கப்பலில் உட்கார்ந்து உலகத்துத் துறைமுகத்தையெல்லாம் படித்துவிட்டேன். அந்த விளக்கில் ஒன்றையாவது கண்ணால் பார்க்கவேண்டும். காக்கா போகிற கப்பலிலேயே எனக்கும் ஒரு ராத்திரிக் காவல் கிடைக்குமா என்று மாதாவைக் கேட்டேன். பகலில் யாரிடமாவது இதைக் கேட்க முடியுமா? சமையல்காரர் தன் திறமையில் போகிறார், பின்னாலேயே நானும் வருகிறேன் என்று வாலைப் பிடித்தால் அவருக்கு அல்லவா கேவலம். என்னால் அவர் சம்பளத்தைக் குறைத்துக் கேட்கவேண்டி வரும். அதனால் வாயே திறக்கவில்லை. நான்தான் பேசாத ஆளாயிற்றே.

இங்கேதான் காக்காவுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து மனுஷன் மாறிவிட்டார். மூன்றாம் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மனசுல ஏதாச்சும் உண்டா. நல்லா யோசிச்சுச் சொல்லு. எதையாச்சும் கேக்கணுமா. யார்கிட்டயாச்சும் எதையாச்சும் கேக்கணும்னு தோணுதா. நான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறுகிறது. கம்பெனித் திட்டத்தை மனுஷன் இவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கே ஆச்சரியம். ஒருநாள் கரண்டியை மேடையில் வைத்துவிட்டு நேரே பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஒன் வாயில இருக்கிறது நாக்குதானே? அத வச்சு என்னதான் பண்ணுற?"

"பேசாம இருக்கேன் காக்கா."

மேரிசெல் அப்போது காபி எடுக்க வந்தவள், இதை நான் இங்கிலீஷில் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுடைய கேபின் காக்கா கேபினுக்கு அடுத்தது. ஏன் அப்படிச் சிரித்தாள் என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் என் ராத்திரித் தட்டில் கை வைத்தார். திறந்து பார்த்தால் அவித்த உருளைக்கிழங்கு. உப்பு இல்லை, காரம் இல்லை, ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே கிழங்கு. மூன்றாம் நாளும். நான் பகலில் எதுவும் கேட்கவில்லை, சமையல்காரரிடம் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது, அதுவும் என் அறிவுரைகளில் ஒன்று. மாதாவிடம்தான் முறையிட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே முறையிட்டிருப்பேன். கிழங்கு போட்டால்கூடப் பரவாயில்லை, உப்பாவது உண்டா, நான் அவருக்கு என்ன கெடுதல் செய்தேன், நல்ல புத்தி சொன்னதற்கு இதுதான் கூலியா என்று. மறுநாள் தட்டைத் திறந்தேன். அதே கிழங்கு. பக்கத்தில் உப்புக் குடுவை. மாதாவும் பாதிதான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் முடிவு சொல்லவேண்டிய நாள் வந்தது, போன வாரம். இவானா அம்மா மத்தியானம் வந்தார். எங்கள் கேப்டன், மேரிசெல் எல்லாரும் அடுப்படியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நானும் தூக்கத்தை விட்டு எழுந்து வந்து ஓரமாக நின்றேன். வாழ்த்துச் சொல்லவேண்டும் அல்லவா, பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் நான்தானே. காக்கா அந்தம்மாவுக்குப் பதில் சொல்லுமுன் என் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும், தமிழில்.

"கடைசித் தடவை கேக்குறேன். மனசுல ஏதாச்சும் உண்டா?"

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். ஒண்ணுமில்ல காக்கா, நல்லபடியா போயிட்டு வாங்க என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு அந்தம்மா பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார். நான் வருகிறேன், ஆனால் தனியாக வரமாட்டேன். என்னோடு இந்த ராத்திரிக் காவல்காரரும் வரவேண்டும். ரெண்டு பேர், இல்லாவிட்டால் யாரும் இல்லை.

நான் கேக்கவே இல்லியே காக்கா என்றேன். கேட்டியே என்றார். யார்கிட்ட கேட்டேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே இந்த முன்தளம், அதற்கும் மேலே வானம். பிறகு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார்.

"மாதா சொன்னாங்க."

மேடம், ஒன்று யோசித்துப் பாருங்க. தொழுகை தவறாத மனுஷன். மாதாவிடம் நான் என்ன கேட்டேன் என்று இந்த உலகத்தில் ஒரு உயிருக்குத் தெரியாது. நானோ வாய் திறக்காத ஆள். அவருக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்தாங்களா காக்கா என்று மெதுவாகக் கேட்டேன். எங்கே கனவு காண விட்டாங்க, தூங்க விட்டாத்தானே என்றார். அதாவது விழித்திருக்கும்போதே காட்சி. மேரிசெல் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள், அவளும் கத்தோலிக்கப் பெண், அவளுக்கும் கண்ணில் தண்ணீர். அவள் அழுகிற மாதிரித்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரித் தட்டில் களறிச் சாப்பாடு, காயல்பட்டினத்துக் கல்யாண விருந்து. கறியும் கத்தரிக்காய்ப் பருப்பும். நான் மாதாவுக்கு நன்றி சொல்லியே விடிந்துவிட்டது. காலையில் காக்கா கண் ரெண்டும் சிவந்து நின்றார். பால் மிளகை மறந்துட்டீங்களா என்று கடிந்துகொண்டேன். ஜோடி என்றால் அந்த அக்கறை வேண்டும்.

நாலு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். நீங்க ஏன் எழுதாமல் இருக்கீங்க? ஏன் அந்த ஹேட்சையே பார்த்துக்கொண்டிருக்கீங்க? விருந்தாளி இல்லாத நாளில் காக்கா பொழுது சாயும்போதே படுத்துவிடுவார். அவர் தூங்கட்டும்.

என்ன கேட்டீங்க? மிராபெல்லில் காக்காவுக்கு நடுத்தளத்தில் விசாலமாக ஜன்னல் கேபின் ஒதுக்கினீர்களா. அது வேண்டாம், முன்தளத்துக்கு அடியில் சாமான் போட்டு வைக்கிற அறை இருக்கிறதே, அதைக் கொடுங்கள், ஆனால் மேலே ஹேட்ச் இருக்கவேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறாரா. ஆபீஸில் யாருக்கும் புரியவில்லையாக்கும். இதில் என்ன புரியாமல் போகிறது, மேடம். காற்றுக்குத்தான். நான்தான் சொன்னேனே, அந்த மனுஷனுக்குக் காற்று இல்லாவிட்டால் தூக்கம் வராது. கொடுத்துவிடுங்க. அங்கேயும் மழை வந்தால் துண்டு போட நான் இருப்பேன். இருப்பேன் என்றால், நீங்க எடுத்துக்கொண்டால்.

எடுத்துக்கொண்டாச்சா.

இப்பவேயா. மேலிடத்தில் கேட்கவேண்டாமா. நீங்க சொன்னால் போதுமா.

இல்லை, ஒன்றுமில்லை. கண்ணில் உப்புக்காற்று. எங்கள் வேலையில் இது சகஜம். இந்த மாசக் கடைசிக்கு ரெண்டு பேரும் வந்துவிடவேண்டும், சரி. ரெண்டு பேரும். சரி.

ஒரே ஒரு உதவி. போகிற வழியில் யாரிடமும் சொல்லிவிடாதீங்க, காக்காவைக் கூப்பிட்டும் சொல்லவேண்டாம். இன்றைக்கு ராத்திரி நான் முதலில் மாதாவிடம் சொல்லிவிடுகிறேன், அதுதான் முறை. காலையில் மாவு பிசைகிற நேரம் மூன்றாம் கேள்வி கேட்பார் இல்லையா, அப்போது நானே என் வாயால் அவரிடம் சொல்கிறேன். முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அவர் முகம் எப்படி ஆகும் என்று பார்க்கவேண்டும். திடுக்கிட்டுப் போய்விடுவார்.

சிரித்துக்கொண்டே போங்க, பரவாயில்லை, நடைபாலத்தில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்க. ஈரம். இந்த நேரத்துக்குப் பனி இறங்க ஆரம்பித்துவிடும், துடைக்காமல் விட்டால் காலையில் கம்பி முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். நான் இடது பக்கம் பாதி துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்க வந்தீங்க. தோல்துணியை எங்கே வைத்தேன். இதோ, இங்கேதான் இருக்கிறது.